பழைய கிட்டார் நிறம்

நான் செய்து விற்ற ஒரு கிட்டாரின் ஓரம் வெண்ணெய் நிறத்தில் இருக்கிறது. வாங்கிய தம்பி அதைத் தனி அழகு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்க வைத்தவன் நான். அது கறையை மறைக்க அடித்த பூச்சு.

கிட்டாரின் உடலைச் சுற்றி, முகப்புப் பலகையும் பக்கப் பலகையும் சேரும் விளிம்பில் ஒட்டும் மெல்லிய பட்டைதான் பைண்டிங். முன்னாலிருந்து பார்த்தால் சுமார் 2 மில்லிமீட்டர் அகலம்தான் தெரியும். பலகையின் வெட்டுவாயை அடியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பது அதன் வேலை. செல்லுலாய்டு பட்டை தின்னர் பட்டால் இளகும் என்று பயந்து, வெள்ளை மேப்பிள் மரத்தைப் போட்டேன். உடல் ஈட்டி மரம். மார்ட்டின் கிட்டார் கம்பெனி 1969இல் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு மாறியது நம் பக்கத்துக் காட்டின் இந்த ஈட்டிக்குத்தான். நல்ல மரம், ஆனால் உடம்பெல்லாம் சாயம். ஸ்பிரிட் பட்டால் ஊதாவும் பழுப்புமாகக் கக்கும்.

அதனால் முதலில் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, சின்னத் தூரிகையால் பைண்டிங்கில் மட்டும் இரண்டு மூன்று கை பூச வேண்டும். தூரிகை ஈட்டிப் பக்கம் சறுக்கினால் அங்கிருந்தே சாயத்தை இழுத்து வரும். அரக்குக் காய்ந்த பிறகுதான் உடலில் கை வைக்கலாம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க வழியில்லை.

உப்புத்தாள் போட்டு முடித்த ஈட்டி சாம்பல் பூத்த மாதிரி கிடக்கும். ஸ்பிரிட் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் கருஞ்சிவப்பில் வரிவரியாக எழும்பும். அதைப் பார்க்கிற ஆசை எனக்கு. நடுப்பலகையோடு நிறுத்தியிருக்கலாம், விளிம்புவரை இழுத்தேன். கீழ் வளைவில், பட்டையை வளைக்கும்போது நார் இழுபட்டுத் திறந்திருந்த இடத்தில், ஊதா மை மாதிரி இறங்கியது.

பிளேடால் சுரண்டினேன். மேலோட்டமாக இருந்தது போயிற்று, உள்ளே போனது போகவில்லை. மேலும் சுரண்டினால் பட்டை பள்ளமாகிவிடும். ரௌட்டரால் அதை அறுத்தெடுத்துப் புதுப்பட்டை வளைத்து ஒட்டுவதுதான் நேர்மையான வழி. கொடுக்கவேண்டிய நாள் நெருங்கிவிட்டது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் அலுப்பு. அதைவிட, விளிம்பைக் கெடுத்துவிட்டேன் என்று ஒருவரிடம் சொல்லக் கூச்சம்.

என்.சி. கிளியர் என்கிற நைட்ரோ லேக்கரில் துளி மஞ்சள் சாயம் கலந்து ஓரம் முழுக்க அடித்தேன். கறை இருந்த இடத்தில் கொஞ்சம் கூட்டி, மற்ற இடத்துக்கு மங்கலாக இறக்கினேன். பழைய கிட்டார்களில் நைட்ரோ லேக்கர் வருஷக்கணக்கில் மஞ்சளாகி, வெள்ளை விளிம்பும் வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிறத்தைக் காசு கொடுத்துத் தேடுகிறவர்கள் உண்டு. என் கறை அந்த நிறத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது.

தம்பி சர்ச்சில் வாசிக்கிறவர். "அண்ணே, இது என்ன கலர், சூப்பரா இருக்கே" என்றார்.

"விண்டேஜ் ஃபினிஷ் தம்பி. உங்களுக்காகத் தனியா செஞ்சது."

தனியாகச் செய்தது என்பது மட்டும் உண்மை.

அதைவிட மோசம் பிறகு நடந்தது. தம்பியின் நண்பர் வந்து அதே நிறம் வேண்டும் என்றார். அவருடைய பைண்டிங்கை முறைப்படி அரக்குப் பூசி, ஒரு பொட்டு ஊதா இல்லாமல் வெள்ளை வெளேரென்று கொண்டுவந்தேன். நான் எடுத்ததிலேயே சுத்தமான விளிம்பு அது. அதன்மேல் மஞ்சளை அடித்து, அதற்குத் தனிக் கூலியும் வாங்கினேன்.

முதல் கிட்டாரை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் கீழ் வளைவில் ஊதா தெரியும். தம்பி பார்த்தாரா, பார்த்தும் பழசின் அடையாளம் என்று விட்டுவிட்டாரா, கேட்டதில்லை. கம்பி மாற்ற வரும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். கம்பி விலையை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.