சென்னை டு கோவை: வாடகை குறையும்... மற்றதெல்லாம்? நோட்டும் கையுமாக வந்த ஒரு குடும்பம்!

சேரன் எக்ஸ்பிரஸ் கோவை ஜங்ஷனுக்குள் நுழையும்போது அப்போதுதான் பொழுது விடிகிறது. குரோம்பேட்டையிலிருந்து வந்து இறங்கும் அந்தக் குடும்பம் ஊட்டிக்குப் போகவில்லை. வீடு பார்க்க வந்திருக்கிறது. கணவர் வேலை செய்யும் சென்னை ஐ.டி நிறுவனத்தில் அவருடைய பிரிவையே மூடப்போகிறார்கள். சரவணம்பட்டியில் வேறு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் சம்பளம் மாதம் 6,000 ரூபாய் குறைவு. ‘கோயம்புத்தூர்தானே... செலவும் குறைஞ்சிடும்’ என்று சொல்லாத ஆளில்லை.

மனைவி அதை அப்படியே நம்பவில்லை. கோடு போட்ட நோட்டில் ‘சென்னை’, ‘கோவை’ என இரண்டு பத்தி பிரித்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

ரயிலிலேயே பாதி வரிகள் அடிபட்டுப் போயின. மின் கட்டணம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். ஆவின் பாலும் ரேஷனும் அப்படியே. பெட்ரோல், கேஸ் விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஒரே மாநிலத்துக்குள் ஊர் மாறும்போது பலரும் மறந்துவிடும் விஷயம் இது. மிஞ்சுவது வாடகை, தண்ணீர், போக்குவரத்து. அப்புறம் இன்னொன்று, அது அந்த நோட்டில் அப்போது இல்லை.

வாடகையில் லாபம் உண்டு. குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 18,000 கொடுக்கிறார்கள். சரவணம்பட்டியில் உள்ளே தள்ளி, அதே அளவு வீட்டுக்கு 14,000 கேட்டார்கள். பீளமேட்டுப் பக்கம் வந்தால் 17,000. ஆர்.எஸ்.புரத்தில் புரோக்கர் சொன்ன தொகையைக் கேட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதோடு சரி. அட்வான்ஸ் எந்த ஊரிலும் தலைவலிதான். 2017-ம் வருட வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வேறு மாதிரி எழுதிக்கொண்டால் மட்டும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்குதான் எல்லா ஊரிலும் நடைமுறை!

வரிக் கணக்கிலும் ஓர் இடறல் இருக்கிறது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப்படி விலக்கைக் கணக்கிடும்போது, சென்னையில் சம்பளத்தில் 50 சதவிகிதம் வரை எடுத்துக்கொள்ளலாம். கோவைக்கு 40 சதவிகிதம்தான்.

சரவணம்பட்டி வீட்டுக்கார அம்மா, பையனை “வா கண்ணு” என்று அழைத்து உட்கார வைத்தார். வாடகையைச் சொல்வதற்கு முன் தண்ணீரைத்தான் சொன்னார். “உப்புத்தண்ணி எந்நேரமும் வருங்க. நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருக்கா. புடிச்சு வெச்சுக்கோணும்.” கோவை என்றாலே சிறுவாணி என்று நினைத்து வந்தவருக்கு இது புதிது. சிறுவாணித் தண்ணீர் நகரம் முழுக்கப் போவதில்லை. பில்லூர் தண்ணீர் குடிக்கும் பகுதிகளும் நிறைய. ஆனாலும் 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததையும், லாரிக்காக ராத்திரி கண் விழித்ததையும் அவர் மறக்கவில்லை. ‘தண்ணீர்’ வரியில் கோவைக்கே டிக் விழுந்தது.

காற்றுக்கும் ஒரு டிக். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஜன்னலைப் படபடவென அடிக்கிறது. சென்னையில் ஏ.சி ஓடும் கோடை மாதங்களில் மீட்டர் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, பில் எகிறும். இங்கே அந்தப் பயம் கொஞ்சம் குறைவு.

போக்குவரத்தில்தான் சறுக்கியது. குரோம்பேட்டையில் மின்சார ரயில் இருக்கிறது. மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாயைத் தாண்டாது. கோவையில் அப்படியோர் உள்ளூர் ரயில் இல்லை. மெட்ரோ இன்னும் வரவில்லை. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லைதான். ஆனால் மாலை ஆறு மணிக்குக் காந்திபுரத்தில் ஏறி, சத்தி ரோட்டில் நெரிசலோடு நெரிசலாக ஊர்ந்து பார்த்தபோது, வீட்டுக்கு இரண்டு வண்டி வேண்டும் என்று புரிந்துவிட்டது. அவருக்கோ ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் ‘இவ்வளவு சதவிகிதம் மலிவு’ என்று சொல்லும் இணையதளங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

இறங்கியதும் தள்ளுவண்டிக் கடையில் பையன் இரண்டு பிளேட் காளான் சாப்பிட்டான். அவனுக்கு ஊர் பிடித்துவிட்டது. அப்பாவுக்கும்தான்.

ஞாயிறு இரவு ரயிலில் கூட்டிப் பார்த்தார்கள். வாடகையில் மிச்சமாகும் 4,000-த்தில் ஸ்கூட்டர் தவணையும் பெட்ரோலும் போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான். சம்பளத்தில் குறையும் 6,000-த்தை அது ஈடுகட்டாது. அப்போதுதான் மனைவி அந்த இன்னொரு வரியை எழுதினார்: ‘என் சம்பளம்’. குரோம்பேட்டையில் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை அவர். மாதம் 19,000. கோவையில் விசாரித்த இரண்டு பள்ளிகளிலும் ஒரே பதில்: ‘அடுத்த கல்வியாண்டுக்கு ஏப்ரலில் பாருங்கள்.’

சென்னைப் பத்தியில் 19,000 என்று எழுதினார். கோவைப் பத்தி காலியாக இருந்தது.

“அதுவரைக்கும் நான் மட்டும் போறேன். ரூம் எடுத்துத் தங்கிக்கறேன்” என்றார் கணவர், கொஞ்ச நேரம் கழித்து. ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சலாம் என்று சொன்ன வீட்டுக்கார அம்மாவுக்குக் காலையில் போன் செய்ய வேண்டும். அதற்குள் நோட்டில் இரண்டு புது வரிகள் ஏறிவிட்டன: ‘ரூம் வாடகை’, ‘ரயில் - மாதம் இரண்டு தடவை’.