கட்டிலுக்கடியில் ஒரு பீட்சா

திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் கட்டில் உண்டு, துணிக்கொடி உண்டு, மூட்டைப்பூச்சி தாராளமாக உண்டு. ஃப்ரிட்ஜ்தான் கிடையாது. ஒரு மே மாத ராத்திரி, மிஞ்சிய நாலு துண்டு பீட்சாவை அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கடியில் தள்ளினேன். காலையில் அதுதான் டிபன். அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு. பொதுக் கக்கூஸ் வாசலில் டியூட்டி!

"வெளியே ரெண்டு மணி நேரம்தான் தாங்கும் தம்பி. 32 டிகிரிக்கு மேலே போனா ஒரு மணி நேரம். அப்புறம் சுட வெச்சா கிருமி சாகும், அது கக்கின விஷம் சாகாது" என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் மிச்சம் உடனே டப்பாவில் மூடி, கீழே மெஸ் அண்ணாச்சியின் ஃப்ரிட்ஜுக்குப் போய்விடும். மூன்று நாளுக்குள் அவர் தோசைக்கல்லிலேயே மூடிபோட்டு, ஆவி பறக்கச் சூடாக்கி விடுவேன்.

வாடகை? அண்ணாச்சிக்கு ரெண்டு துண்டு. மிச்சத்தில் மிச்சம்தான் எனக்கு!