எண்ணெய்க் குழாய்

ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சார் செல்லும் நெடுஞ்சாலை, மெனோரா சுரங்கப்பாதையை எட்டுமுன் நெடிய ஏற்றமாக உயர்கிறது. அங்கே ஊர்தியில் செல்வோர் மலையழகைக் காண்பர். அப்போது அரும்பாடுபடும் இரண்டு மெல்லிய குழாய்களை எவரும் காண்பதில்லை. தானியங்கிக் கியர்ப் பெட்டியையும் ரேடியேட்டரையும் இணைக்கும் எண்ணெய்க் குழாய்கள் அவை.

தானியங்கி ஊர்தியில் இயந்திரத்தின் விசையைக் கியர்ப் பெட்டிக்குக் கடத்துவது எண்ணெயே. சுழன்று சுழன்று அது சூடேறுகிறது. ஏற்றத்தில் அச்சூடு மிகுகிறது. சூடேறிய எண்ணெயை ஒரு குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள் அமைந்த குளிர்விப்பானுக்குக் கொண்டுசெல்ல, ஆறிய எண்ணெயை மற்றொன்று திரும்பக் கொணர்கிறது. இப்போக்குவரத்து தடைப்பட்டால் எண்ணெய் கருகும், உள்ளிருக்கும் தட்டுகள் தேயும், கியர் வழுக்கும்.

ஈப்போவில் வாழும் ஓய்வுபெற்ற தோட்டப்பள்ளி ஆசிரியர் ஒருவர், நோயுற்ற தம் தமக்கையாரைக் காண வாரந்தோறும் அச்சாலையில் செல்பவர். ஒருநாள் ஊர்தியின் அடியில் செந்நிறத் துளிகளைக் கண்டார். குளிரூட்டியின் நீராயின் நிறமற்றிருக்கும் என்றெண்ணிப் புந்தோங்கில் உள்ள பட்டறைக்கு விரைந்தார். பட்டறைக்காரர் அவரிடம் படித்தவர். பால்மரம் வெட்டியோரின் மகன். இருவரும் வாழ்ந்த தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது.

இரும்புக் குழாயில் துரு. அதன் முனையிலிருந்த ரப்பர்க் குழாயில் வெடிப்பு.

“ரப்பர்தானே தம்பி, தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டிப் போட்டால் ஆகாதா?” என்றார் ஆசிரியர்.

“ஆகாதுங்க சார். தண்ணீருக்கு ஒரு ரப்பர், எண்ணெய்க்கு ஒரு ரப்பர். நம்ம பால்மரத்து ரப்பரே எண்ணெய் பட்டால் ஊதிப் போயிடும்” என்றார் மாணவர்.

ஆசிரியர் வியந்தார். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட வரலாற்றைப் பல்லாண்டு கற்பித்தவர் அவர். எனினும் அம்மரத்தின் பால் எதற்கு ஆகாது என்பதை அன்றுதான் மாணவரிடம் கற்றார். இயற்கை ரப்பர் இழுவையைத் தாங்கும்; அதிர்வை அடக்கும்; பார வண்டிகளின் சக்கரங்களுக்கும் வானூர்திச் சக்கரங்களுக்கும் அதுவே உகந்தது. ஆனால் கனிம எண்ணெயில் ஊறினால் உப்பி வலுவிழக்கும். அதனாலேயே 1930களில் செருமனியில் உருவான நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் எண்ணெய்க் குழாய்களுக்குப் பயனாயிற்று.

பட்டறைக்காரர் இயந்திரம் ஆறும்வரை பொறுத்தார். இணைப்புத் திருகு முறுகாதபடி இரு சாவிகளால் பிடித்துக் கழற்றினார். வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கும் எண்ணெய்க் குழாயையே பொருத்தினார். ஊர்தியின் கையேடு கூறும் எண்ணெயை அளவாய் நிரப்பி, இயந்திரத்தை ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் துணியால் துடைத்துக் கசிவு பார்த்தார். குளிர்விப்பான் உள்ளே உடைந்திருந்தால் நீரும் எண்ணெயும் கலந்து இளஞ்சிவப்புப் பால்போலாகிக் கியர்ப் பெட்டியையே கெடுக்கும். ஆகவே ரேடியேட்டர் நீரையும் சோதித்தார். குழாயின் விலைக்கும் கியர்ப் பெட்டியின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு.

திருவள்ளுவர் ‘தெரிந்துவினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆளின் இயல்பறிந்து பணி தருவதை அது பேசுகிறது. பொருளுக்கும் அந்நெறி பொருந்தும். எண்ணெய்க்கு ஆகாததால் பால்மரத்தின் பெருமை குன்றுவதில்லை. ஆகாத இடத்தில் அதனை வைப்பவரின் அறிவே குன்றுகிறது. மாணவர் அனைவரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் வகுப்பறைக்கும் இஃது ஒரு பாடம். ஏட்டுக் கல்வியில் பின்தங்கியவன் என ஒதுக்கப்படும் சிறுவனின் கையில், நாளை பலர் நம்பிப் பயணம் செய்யும் ஊர்தியின் நலம் இருக்கக்கூடும்.