மண்ணின் தன்மை: நல்லது

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தங்கச்சி மகள் போன் பண்ணினாள்.

"மாமா, ஃபெலோஷிப் கிடைச்சாச்சு. ஆனா ஒங்ககிட்ட கேக்காம அம்மா ஒத்துக்கிட மாட்டா."

மண்ணியலில் முனைவர் பட்டம் முடித்தவள். மேற்கொண்டு இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்ய மத்திய அரசு பணம் தருகிறது. சந்தோஷமான செய்திதான். சிக்கல் என்னவென்றால், அதே சமயத்தில் வங்கி அதிகாரி தேர்விலும் பாஸாகியிருந்தாள். அந்தத் தேர்வை எழுதச் சொல்லி நச்சரித்தவன் நான். அவளுடைய படிப்புக் கடனுக்கு ஜாமீன் போட்டவனும் நான்தான். ஆகவே பஞ்சாயத்து பொழியூரிலிருந்து மஸ்கட்டுக்கு வந்துவிட்டது.

பி.காம். முடித்து இருபது வருஷமாகக் கடன் விண்ணப்பங்களைப் படித்துக்கொண்டிருப்பவன் நான். எந்தக் காகிதத்தையும் சாங்ஷன் லெட்டர் மாதிரித்தான் படிக்க வரும். இந்தத் திட்டத்தை செர்ப் என்ற அமைப்பு நடத்திய காலத்தில் மாதம் 55,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும், ஆராய்ச்சிச் செலவுக்கு வருஷம் 2 லட்சமும் கொடுத்தார்கள். வயது வரம்பு 35, பெண்களுக்கு 5 வருஷம் தளர்வு. 2024-ல் செர்ப் போய் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. தொகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 24 மாதம் முடிந்தால்? பென்ஷன் கிடையாது, வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. வங்கி வேலையோ ஓய்வு பெறும்வரை. கணக்குப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இருந்தாலும் ஒரு மரியாதைக்குக் கேட்டேன். "அப்படி என்ன ஆராய்ச்சி?"

"மரச்சீனி மாமா. அம்மாச்சி விளையில அப்பா வருஷா வருஷம் ஃபேக்டம்பாஸ் போடுவாருல்லா, அந்த மணிச்சத்து எங்க போவுதுன்னு பாக்கப்போறேன்."

எங்கள் வீடு கடற்கரை மணலில். விளை உள்ளே தள்ளி, பாறசாலைப் பக்கம் மேட்டில் இருக்கிறது. ஒரு முழம் தோண்டினால் வெட்டுகல். இந்தச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதிகம், புளிப்பும் அதிகம். போடுகிற மணிச்சத்தை அவை இறுகப் பிடித்துக்கொள்கின்றனவாம்.

"மண்ணுலதான் கெடக்கு, ஆனா செடிக்கு எடுக்க முடியாது. நீங்க ஃபிக்சட் டெபாசிட்ல போட்டுட்டு சீட்டைத் தொலைச்ச மாதிரி" என்றாள். எனக்குப் புரியவேண்டும் என்று என் பாஷையில் சொல்கிறாள் :-)

மரச்சீனி வேருக்கு மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சை உதவி செய்கிறது. நூலைவிட மெல்லிய இழைகளை நீட்டி, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. உரத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் அந்தக் கூட்டு தளர்ந்துபோகும். கேரளத்தில் மண் பரிசோதித்தபோது பல இடங்களில் மணிச்சத்து தேவைக்கு மேல் இருந்தது. குறைவாக இருந்தவை மக்னீசியமும் போரானும். அத்தான் கடன் வாங்கிப் போட்ட உரம், ஏற்கெனவே நிறைந்து கிடந்ததன் மேல்தான் போய் விழுந்திருக்கிறது போல.

கடன் என்றதும் ஒன்று உறைத்தது. மஸ்கட் வருவதற்கு முன் ஊர்ப்பக்கக் கிளைகளில் விவசாயக் கடன் பார்த்தவன் நான். ஆதாரம், கரம் கட்டிய ரசீது, எத்தனை சென்ட், நான்கு எல்லை, சென்ட்டுக்கு என்ன விலை... எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பேன். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் 'மண்ணின் தன்மை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எப்போதும் ஒரே பதில் எழுதுவேன்: 'செம்மண், நல்லது.' பல சமயம் பைக்கை விட்டு இறங்காமலே.

போன லீவில் இவள் என்னைத் திருவனந்தபுரம் பாறோட்டுகோணத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். 2014 புத்தாண்டு அன்று திறந்த மண் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. கேரளத்தில் இனம் கண்டிருக்கிற 82 மண் வகைகளையும் மேலிருந்து கீழ்வரை அப்படியே வெட்டியெடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் கேன்டீனைத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எண்பத்திரண்டையும் ஒற்றை வார்த்தையில் முடித்த ஆசாமி!

இன்னொன்றும் சொன்னாள். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. கோடு விழுந்தது நமக்குத்தான், வெட்டுகல்லுக்கு இல்லை. ஆனால் விவசாயிக்குப் பரிந்துரை சொல்லும் புத்தகம் அந்தப்பக்கம் ஒன்று, இந்தப்பக்கம் வேறொன்று.

"ரெண்டு வருஷத்துல என்னத்தைக் கண்டுபிடிப்பே?" என்று கேட்டேன்.

"முழுசா முடியாது மாமா. கோயம்புத்தூர்ல 1909-ல ஒரு உரப் பரிசோதனை தொடங்கினாவ. இங்கிலாந்துல ராதம்ஸ்டெட்ல 1843-ல தொடங்கினதை இன்னும் நடத்துதாவ. தொடங்கினவிய யாரும் முடிவைப் பாக்கல. நடுவுல வாறவிய ஆளுக்குக் கொஞ்சம் எழுதி வச்சிட்டுப் போவாவ. அதுல எனக்கு ரெண்டு வருஷம்."

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. திருப்பிக் கட்டவேண்டாத பணம் எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. இந்த வேலைக்குத் தவணை அட்டவணை போட முடியாது.

தங்கச்சியைக் கூப்பிட்டுப் பேசினேன். "ரெண்டு வருஷம் கழிச்சு இவ வேலையில்லாம நின்னா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. "ஜாமீன் கையெழுத்து என்னுது. நின்னா நான் கட்டுதேன்" என்று மட்டும் சொன்னேன். அழுதாள். பிறகு ஒத்துக்கொண்டாள்.

நேற்று விளையிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். மம்பட்டியும் கையுமாக இடுப்பளவு குழிக்குள் நிற்கிறாள். குழியின் சுவரில் மேலே கருஞ்சிவப்பு, நடுவில் செங்கல் நிறம், அடியில் மஞ்சளும் வெள்ளையும் திட்டுத்திட்டாக. எத்தனையோ தடவை மேலே நடந்த விளைதான். கீழே இப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.