நாலு நட்டு வேலை

"நாலு நட்டைக் கழற்றி மாட்டுறதுக்கு இவ்வளவு கூலியா அண்ணே?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டார். அவர் கொண்டுவந்தது இசுசு வி-கிராஸ். அதில் சக்கரத்துக்கு ஆறு நட்டு. சொந்த வண்டியின் நட்டை எண்ணிப் பார்க்காதவர், வீடியோ பார்த்து ஆன்லைனில் அலாய் வாங்கிவிட்டார். மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் போன் வந்து வெளியே போய்விட்டார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

டயர் சைஸ் கணக்கு இன்று எல்லார் போனிலும் இருக்கிறது. 245/70 ஆர்16 இருந்த இடத்தில் 265/70 ஆர்16 போட்டால் விட்டம் 749 மில்லிமீட்டரிலிருந்து 777 ஆகும். கூடுவது 28. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, வெறும் 14. இத்தனை செலவுக்கு இவ்வளவுதானா என்று முகம் வாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவரை சரியாகக் காட்டிய ஸ்பீடாமீட்டர் முள் 100-இல் நிற்கும்போது வண்டி 104 பக்கம் ஓடும். மேடேறும்போது ஒரு கியர் இறக்க வேண்டிவரும். போன் கணக்கு இத்தோடு முடிந்தது. பி.சி.டி., அதாவது நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், ஒத்துப்போனால் மாட்டிவிடலாம் என்று அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுகிறார்கள். ஆப்செட் என்று ஒன்று, அதாவது அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு, இருப்பதை யாரும் கேட்பதே இல்லை.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் நாமக்கல்லில் நான் தொழில் பழகிய லாரிப் பட்டறை மேஸ்திரி. ஆப்செட் என்ற சொல்லே அவர் வாயில் வந்ததில்லை. அவரிடம் இருந்தவை ஒரு நேரான ரீப்பர், ஒரு இரும்பு ஸ்கேல், ஒரு டப்பா சாக்பீஸ் தூள். சக்கர டிஸ்கைக் கவிழ்த்துப் போட்டு, உள் விளிம்பின் மேல் ரீப்பரைக் குறுக்கே வைத்து, ஹப்பில் போய் உட்காரும் இடம் வரை ஸ்கேலை இறக்குவார். பழையதுக்கு ஒரு அளவு, புதுசுக்கு ஒரு அளவு, இரண்டையும் சுவரில் கிறுக்கிவைப்பார். பிறகு மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்து, டயருக்கும் ஆர்முக்கும் நடுவே விரலை விட்டுப் பார்ப்பார்.

அதோடு விடமாட்டார். வண்டியில் லோடு ஏற்றச் சொல்வார். காலி வண்டியில் எடுத்த அளவு அவருக்கு அளவே இல்லை. முன் சக்கரம் ஒன்றை மட்டும் கட்டைகளின் மேல் ஏற்றி மறுபடி ஒடிப்பார். சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்து மட்கார்டின் உட்புறம் பூசி, வாய்க்கால் மேட்டில் ஏற்றி இறக்கி ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்வார். வெள்ளை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே டயர் தொட்டிருக்கிறது. வெகுகாலம் எனக்குக் கிடைத்தது ரீப்பர் பிடிக்கிற வேலைதான். நட்டுப் பக்கம் கை போனால் ஸ்பானர் பறந்துவரும்.

அந்தத் தம்பியின் அலாய்க்கு வருகிறேன். பழையது 7 இஞ்ச் அகலம், ஆப்செட் 30 என்று வையுங்கள். புதுசு 9 இஞ்ச், ஆப்செட் பூஜ்யம். வெளி விளிம்பு 55 மில்லிமீட்டர் வெளியே போகிறது. டயர் தள்ளித் தள்ளி நிற்க, ஹப் பேரிங்கின் மேல் நெம்புகோல் மாதிரி பாரம் விழுகிறது. குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். கொண்டை ஊசி வளைவில் பம்பர் மூலையையும் மட்கார்டின் பின்விளிம்பையும் டயர் அறுக்கும். இப்போதைய பையன்கள் இதற்கு வைத்திருக்கிற வைத்தியம், பம்பரை வெட்டுவது. அலாய் வாங்கக் காசில்லாதவர்களுக்கு, ஹப்புக்கும் டிஸ்குக்கும் நடுவே வைக்கிற ஸ்பேசர். அதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

நட்டைப் பற்றியாவது பேசலாம். கூம்பு வாய் நட்டு உட்கார வேண்டிய துளையில் தட்டை வாஷர் நட்டைப் போட்டு ஏர் கன்னால் முடுக்குகிறார்கள். எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும், கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சில் இருக்க வேண்டும், 100 கிலோமீட்டர் ஓடும் முன் திரும்ப வந்து காட்ட வேண்டும். சொல்லித்தான் அனுப்புகிறேன். வருகிறவர் அபூர்வம்.

லோடு வண்டிக்காரர்கள் ஸ்டைலுக்கு வருவதில்லை, விலைக்கு வருகிறார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிற பிக்கப்புக்கு, அகலமும் விட்டமும் ஒன்றுதானே என்று கார் டயரைக் கேட்பார்கள். சைஸுக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணைப் படிக்க மாட்டார்கள். 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். 104 என்றால் 900. பின்னால் இருக்கிற இரண்டு டயரில் மட்டும் 380 கிலோ போய்விட்டது. சித்திரை வெயிலில் ஓவர்லோடும் சேர்ந்தால் பக்கச் சுவர் வெடிக்கும். பழி ரோட்டுக்கு.

கம்பெனி குறித்துக்கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஸ்டெப்னிதான் கடைசிச் சண்டை. செட்டில் வருவது நாலு அலாய். ஐந்தாவதைக் கேட்டால், "அது அடியில தொங்குது, யாரு பார்க்கப் போறாங்க?" பஞ்சரான ராத்திரியில், பழைய சைஸிலேயே கிடக்கிற அந்தச் சின்ன டயரைப் பின்னால் மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் ஓடினால் டிபரன்ஷியல் ஓயாமல் உழைக்கும். அதே நிலையில் தார் ரோட்டில் நாலு வீல் டிரைவையும் போட்டால் டிரான்ஸ்பர் கேஸ் வரை முறுக்கிக்கொள்ளும். ஐந்துக்கும் பில் போட்டால்தான் வேலையைத் தொடுவேன் என்கிறேன். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.