‘டாக்டர்’னு கூப்பிட்டாங்க... நானும் நம்பிட்டேன்!

ஹாஸ்டல்ல எனக்கு வெச்ச பேரு ‘டாக்டர்’. படிக்கிறது என்னவோ ட்ரிபிள் ஈ, மூணாவது வருஷம். ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனா, லவ் ஃபெயிலியரா, அரியரா, அப்பாவோட சண்டையா... ராத்திரி பதினோரு மணிக்கு மேல என் ரூம் கதவைத்தான் தட்டுவாங்க. நானும் ஃபிளாஸ்க்ல டீ வாங்கி வெச்சுக்கிட்டு, ‘ம்... சொல்லு மச்சி’னு உட்கார்ந்துடுவேன். அழுது முடிச்சவங்க, ‘நீயெல்லாம் கவுன்சலிங் படிக்கப் போயிருக்கணும்டா’னு சொல்லிட்டுப் போவாங்க. கேட்கக் கேட்க எனக்கும் தலைக்கனம் ஏறிடுச்சு.

அந்தக் கனத்தை இறக்கி வெச்சவன் என் ரூம்மேட். (இதை எழுதலாமானு அவன்கிட்ட கேட்டுட்டேன். ‘தாராளமா எழுது... பேரை மட்டும் போட்டுத் தொலைச்சுடாதே’ன்னான்!)

போன வருஷம் ஒரு இன்டெர்னல் டெஸ்ட். கேள்வித்தாளை வாங்கின அஞ்சாவது நிமிஷம், அவனுக்கு நெஞ்சு படபடனு அடிச்சு, கை மரத்து, மூச்சு முட்டிடுச்சு. எழுந்து வெளியே ஓடிட்டான். வராந்தாவுக்கு வந்த பத்து நிமிஷத்துல எல்லாம் சரியாயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி ‘டாக்டர்’ மருந்து சொன்னேன்: ‘ஒண்ணுமில்ல மச்சி. அடுத்த டெஸ்ட்டை விட்டுடு. ரெஸ்ட் எடு. நான் பார்த்துக்கறேன்.’

பார்த்துக்கிட்டேன். நோட்ஸ் எழுதிக் கொடுத்தேன். கிளாஸுக்கு வர பயமா இருக்குன்னான், ‘வராதே’ன்னேன். மெஸ்ஸுக்கு வரவும் பயமா இருக்குன்னான், தட்டுல சாப்பாடு வாங்கி ரூமுக்கே கொண்டுவந்தேன். ‘நீ மட்டும் இல்லைன்னா...’னு அவன் சொல்றப்போ பெருமையா இருக்கும். ஆனா, அவனோட உலகம் சுருங்கிட்டே வந்து, ரெண்டே மாசத்துல ஒரு கட்டில்ல வந்து நின்னுடுச்சு. அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கி, வீட்டுக்கு லெட்டர் போச்சு.

அவன் அம்மா பதறிப்போய் வந்தாங்க. மூணு பேருமா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓ.பி. சீட்டு, நீள வரிசை... முதல்ல பார்த்தவர் சைக்யாட்ரிஸ்ட். அதாவது, எம்.பி.பி.எஸ். முடிச்சு, அதுக்கு மேல மனநலம் படிச்ச டாக்டர். மாத்திரை எழுதறவர் அவர்தான். ஈ.சி.ஜி., தைராய்டு டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துட்டு, ‘உடம்புல கோளாறு இல்லை, இது பேனிக்’னு சொல்லி, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பினார். பேச்சு மூலமா சிகிச்சை கொடுக்குறவங்க அவங்க.

நாலாவது தடவை போனப்போ, அவனோட சம்மதத்தைக் கேட்டுக்கிட்டு அந்த மேடம் என்னையும் உள்ளே கூப்பிட்டாங்க. நான் செஞ்ச சேவையை எல்லாம் வரிசையா ஒப்பிச்சேன். பாராட்டுவாங்கன்னு பார்த்தா, ஒரே ஒரு கேள்வி. ‘படபடப்பு வரும்போது என்ன ஆகிடும்னு இவர் பயப்படுறார்னு எப்பவாவது கேட்டீங்களா தம்பி?’

கேட்டதே இல்லை. ‘ஹார்ட் நின்னுடும்னு பயந்தேன்டா’ன்னு அவன் மெதுவாச் சொன்னான். ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு, இதைக்கூட நான் தெரிஞ்சு வெச்சுக்கலை.

அப்புறம் மேடம் விளக்கினாங்க. பயந்து ஓடினா உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே, ‘ஓடினதாலதான் பிழைச்சோம்’னு மூளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துடும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பயம் வரும். ஓடாம அங்கேயே இருந்தா, படபடப்பு உச்சிக்குப் போய்ட்டு தானா இறங்கும்கிறதை மூளை கத்துக்கும்.

அட... கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல படிச்ச பாசிட்டிவ் ஃபீட்பேக்! அந்த லூப்புக்கு நடுவுல ஆம்ப்ளிஃபயரா உட்கார்ந்திருந்தது வேற யாருமில்ல... நான்தான்.

அவங்க கொடுத்த சிகிச்சை எனக்கு ஆச்சர்யமா இருந்தது. வேணும்னே மாடிப்படி ஏறி இறங்க வெச்சு, ‘ஹார்ட் இப்பவும் வேகமாத்தானே அடிக்குது... நின்னுச்சா?’னு கேட்டிருக்காங்க. அப்புறம் முதல்ல காரிடார், அடுத்து மெஸ், அடுத்து கிளாஸ்ல கடைசி பெஞ்ச்னு படிப்படியா. எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான்: சாப்பாட்டைத் தூக்கிட்டு வராதே, கூட நடந்து போ!

கிளம்பறப்போ கேட்டேன், ‘உங்களை மாதிரி ஆக என்ன படிக்கணும் மேடம்?’

சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அவங்க பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடிச்சு, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியிலேயே எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி பண்ணினவங்க. ஒவ்வொரு பேஷன்ட்டைப் பார்த்த பிறகும் சீனியர் முன்னாடி உட்காரணும். ‘ஏன் இதைக் கேட்டே? ஏன் அதைக் கேட்கலை?’னு குடைவாங்களாம். அதெல்லாம் முடிஞ்சு, ஆர்.சி.ஐ.ன்னு சொல்ற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணினாத்தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு தொழில் பண்ண முடியும். 1992-ம் வருஷச் சட்டப்படி பதிவு இல்லாம பண்ணினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்கூட உண்டு!

ரூமுக்கு வந்து நெட்ல தோண்டினேன். ரூட்டே மாறிக்கிட்டு இருக்கு. அந்த எம்.ஃபில்.லுக்கு 2025-26 கல்வியாண்டு வரைக்கும்தான் யு.ஜி.சி. நேரம் கொடுத்திருந்தது. ஆர்.சி.ஐ. புதுசா எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி மாதிரி படிப்புகளைக் கொண்டுவந்திருக்கு. வேலை பார்த்துக்கிட்டே தபால்ல படிச்சுடலாம்னு நினைச்சேன். 2025-ல இருந்து சைக்காலஜியை தபால்லயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு யு.ஜி.சி. சொல்லிடுச்சு. இன்ஜினீயரிங் முடிச்சவனை சில இடத்துல எம்.எஸ்ஸி. சைக்காலஜிக்குச் சேர்த்துக்கறாங்க, சில இடத்துல பி.எஸ்ஸி. சைக்காலஜிதான் வேணும்கறாங்க. ஆசை இருக்கிறவங்க, ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி அந்தப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கானு பார்த்துடுங்க.

பொங்கல் லீவுல அப்பாகிட்ட சொன்னேன். கத்துவார்னு நினைச்சேன். கத்தலை. ‘இன்னும் எத்தனை வருஷம்?’னு மட்டும் கேட்டார். ‘குறைஞ்சது நாலு’ன்னேன். ‘அதுவரைக்கும் பேங்க் லோனை யாருடா கட்டறது?’ன்னார். நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்லை. முதல்ல ரெண்டு வருஷம் வேலைக்குப் போய் லோனை முடிக்கறேன், அப்பவும் இந்த ஆசை இருந்தா தடுக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம். அம்மாதான், ‘அடுத்தவங்க அழுகையைக் கேட்கறதுக்கு ஒரு படிப்பாடா?’னு இன்னும் நம்பாமப் பார்க்கறாங்க.

ரூம்மேட், போன செமஸ்டர்ல கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பரீட்சைக்கு வந்தான். நடுவுல ஒரு தடவை பேனாவைக் கீழே வெச்சுட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். எனக்கு எழவே ஓடலை. ஆனா, அவன் எழுந்து போகலை. மூணு மணி நேரமும் இருந்தான். பெல் அடிச்சதும் வந்து, ‘ரெண்டு பதினாறு மார்க் அவுட்டுடா!’ன்னான். அவன் அப்படிச் சாதாரணமா புலம்பினதைக் கேட்டு எத்தனை நாளாச்சு!

கதவை இப்பவும் தட்டுறாங்க. டீ இப்பவும் உண்டு. ஆனா, அட்வைஸ் ஸ்டாக் தீர்ந்துபோச்சு. ‘அப்போ உனக்கு என்ன தோணுச்சு?’னு கேட்கறேன், கேட்டுட்டு வாயை மூடிக்கறேன். தூக்கம் போய், சாப்பாடு போய், நாள் கணக்கா ஒருத்தன் தவிச்சான்னா, ‘வா மச்சி, ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வர்றேன்’னு செருப்பை மாட்டிக்கறேன். நேர்ல போகத் தயங்கறவங்களுக்கு 14416-ன்னு டெலி மனஸ் நம்பர் இருக்கு. மத்திய அரசோட இலவச சர்வீஸ், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம்.

உங்க ஹாஸ்டல்லயும் ஒரு ‘டாக்டர்’ இருப்பான். நல்லவனாத்தான் இருப்பான். இந்தப் பக்கத்தை மட்டும் அவன்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, ப்ளீஸ்!