துணைவினையின் ஆற்றல்

செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று நெற்குப்பை. ‘குப்பை’ என்னும் சொல் இன்று கழிபொருளைக் குறிப்பினும், பண்டு குவியலையே குறித்தது. ஆதலின் நெற்குவியல் எனப் பொருள்படும் வளமான பெயர் அது. பயண நூல்கள் பல இயற்றிய சோமலெ 1921-ஆம் ஆண்டில் பிறந்ததும் இவ்வூரிலேயாம். இவ்வட்டாரத்து நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குக் கடல் கடந்து சென்று வணிகம் நடத்தினர். கணக்கைத் தமிழில் எழுதினர். எனினும் ஆங்கிலேயர் ஆண்ட அந்நாடுகளில் ஆங்கில ஆவணங்களோடும் பழக வேண்டியவராயினர். கடன்சீட்டில் ‘தரவேண்டும்’ என்றிருப்பின் பொருள் திரும்பும். ‘தரலாம்’ என்றிருப்பின் திரும்புவது ஐயமே. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை விளைப்பது துணைவினையாகும்.

முதல்வினையைச் சார்ந்து நின்று அதன் பொருளுக்குத் துணைபுரிவது துணைவினை. தமிழில் அது முதல்வினைக்குப் பின் நிற்கும். ஆங்கிலத்தில் முன் நிற்கும். ‘வந்து விட்டான்’ என்னுமிடத்து ‘வந்து’ எச்சமாய் நிற்க, காலத்தையும் பாலையும் ‘விட்டான்’ என்பதே ஏற்கின்றது. ‘வந்தான் விட்டான்’ என எவரும் கூறார். ஆங்கிலமும் ஏறத்தாழ இந்நெறியிலேயே செல்கின்றது. ‘அவன் வந்தானா?’ என வினவுமிடத்துத் தமிழுக்கு ஆகார விகுதி ஒன்றே போதும். ஆங்கிலமோ ‘டிட்’ என்னும் துணைவினையை முன்னே நிறுத்துகின்றது. இறந்த காலத்தை ‘டிட்’ ஏற்றமையால் முதல்வினை ‘கம்’ என இயல்பாய் நிற்றல் வேண்டும். ‘டிட் ஹி கேம்?’ என்பது ஒரு சுமையை இருவர் தலையிலும் ஏற்றியது போன்ற பிழையாகும். ‘ஹி டஸ் நாட் கோ’ என்பதே சரி. ‘கோஸ்’ என்பது வழு. ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ முதலியவற்றின் பின்னும் முதல்வினை திரிபின்றி நிற்கும். ‘ஹேஸ்’ என்பதன்பின்னோ அது எச்சம் போன்ற வடிவம் கொள்ளும். ஆதலின் ‘ஹேஸ் கான்’ என்க, ‘ஹேஸ் வென்ட்’ என்னற்க. துணைவினையைத் தம் மொழியில் உணர்ந்தவர்க்கு அயல்மொழியில் இந்நெறி எளிதாகும்.

வடிவத்தினும் நுட்பமானது பொருள். ‘மே’ என்பது இசைவையோ இயலக்கூடியதையோ உணர்த்தும். சட்ட நூல்களில் ‘ஷால்’ என்பது கட்டாயத்தை உணர்த்தும். கடன்சீட்டில் ஒருவர் பொருளே அடங்கும். சட்டத்திலோ மக்கள் அனைவரின் உரிமையும் அடங்கும். அங்கே துணைவினை ஒன்று நாட்டையே சிந்திக்க வைத்த வரலாறும் உண்டு.

1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, மத்திய அரசின் அலுவல்களில் பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலம் தொடர வகைசெய்தது. அதன்பின்னும் தொடர வழிசெய்யும் ஆட்சிமொழிச் சட்டம் 1963-இல் நிறைவேறியது. அதில் ஆங்கிலம் தொடர்வதைக் குறித்த இடத்தில் ‘மே’ என்னும் சொல் நின்றது. ‘தொடரலாம்’ என்பது ‘தொடராதிருக்கவும் கூடும்’ என்பதற்கு இடந்தருமன்றோ? அந்நாளில் மாநிலங்களவை உறுப்பினராயிருந்த பேரறிஞர் அண்ணா, அவ்விடத்தில் ‘ஷால்’ என அமைக்க வேண்டுமென வாதிட்டார். இங்கு இரண்டும் ஒருபொருளனவே என்பது தலைமையமைச்சர் நேருவின் கருத்து. ஒருபொருளனவாயின் ‘ஷால்’ என்றே எழுதலாமே என்பது மறுப்பு. சொல் மாறவில்லை, ஐயமும் தீரவில்லை. 1965-இல் தமிழகத்தில் மாணவர் பெருங்கிளர்ச்சி எழுந்தது. உயிர்கள் பல மாய்ந்தன.

பின்னர் 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலமே பயன்படல் வேண்டுமென விதித்தது. அவ்விதியில் ‘ஷால்’ என்னும் சொல் அமைந்தது. அத்தகைய மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் இயற்றாமல் அவ்வேற்பாட்டைக் கைவிடலாகாது என்னும் காப்பும் அதில் இடம்பெற்றது.

கிளர்ச்சிக்குக் காரணம் ஒரு சொல் மட்டுமன்று. மக்கள் நெஞ்சில் இருந்த அச்சமே அதன் வேர். எனினும் அவ்வச்சத்தை வளர்க்கவோ தணிக்கவோ வல்லதாய் ஒரு சிறு சொல் நின்றது. துணைவினை பெயரால் துணையேயாயினும், சில இடங்களில் பொருளின் தலைமை அதன் கையிலேயே இருக்கின்றது. எம்மொழியில் எழுதினும், சொல்ல வந்தது இசைவா, உறுதியா, கடமையா என முதலில் தெளிக. பின்னர் அதற்குரிய துணைவினையைத் தேர்ந்து அமைக்க.